டிஷ்யூ வைத்துப் பிடித்த இடம்

8 மார்ச் 2025, சனி

மின்தூக்கியில் புது அறிவிப்பு. எதிரே மூடிக் கிடக்கும் பழைய பள்ளிக்கூட நிலத்தை என்ன செய்யலாம் என்று குவீன்ஸ்டவுன்வாசிகளிடம் கருத்துக் கேட்கப் போகிறார்களாம். வீடுகளா, பூங்காவா, விளையாட்டுத் திடலா? என் வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்துவிட்டு, "நல்லாத்தான் கேக்கறாங்க" என்றார். அவருடைய கருத்து அத்தோடு முடிந்தது.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வீடுகள்தான். அனுப்ரியாவும் மாப்பிள்ளை திலீப்பும் பொங்கோல் வீட்டை விற்றுவிட்டு இங்கே விண்ணப்பிக்கலாம். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் அரசாங்க வீட்டுக் குலுக்கலில் முன்னுரிமை உண்டு. இப்போது என் மகளைப் பார்க்க மீன் குழம்புச் சட்டியோடு ரயில் மாறி மாறிப் போகிறேன். ஒரு நன்மை, பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள்.

11 மார்ச்

பக்கத்து வீட்டு ரஷீதா நோன்பிலும் நடையை விடுவதில்லை. அந்தப் பள்ளி நிலத்தைச் சுற்றித்தான் இருவரும் தினமும் காலையில் நடப்போம்.

"மரத்தையெல்லாம் வெட்டிட்டு இன்னொரு நாப்பது மாடியா? ஜன்னலைத் தொறந்தா அடுத்தவன் அடுப்படிதான் தெரியும், லா. நாம ரெண்டு பேரும் போய்ப் பூங்காதான் வேணும்னு கண்டிப்பாச் சொல்லணும்."

நான் தலையை ஆட்டினேன். அது எந்தப் பக்கத்து ஆட்டல் என்று அவள் கேட்கவில்லை.

22 மார்ச், சனி

சமூக மன்றத்தில் கூட்டம். அனுப்ரியாவையும் வரச் சொல்லியிருந்தேன். என் பக்கத்து நாற்காலியில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்தேன், கோப்பிக்கடையில் மேசை பிடிப்பதுபோல. ஒரு சீனப் பெரியவர் வந்து, ஆள் வருமா என்று கையால் கேட்டார். வரும் என்றேன். அவர் கடைசிவரை சுவரோரம் நின்றார். அனுப்ரியா வரவில்லை. வேலையாம்.

மேசையில் பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். வருண் என்ற தொண்டூழியப் பையன் ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த யோசனைமேல் ஒட்டச் சொன்னான். ரஷீதா பூங்காவில் ஒட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வீடுகள்மேல் ஒட்டினேன்.

"தங்கம், நீயா?"

மகளுக்காக என்றேன். அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

23 மார்ச்

தனியாக நடந்தேன். பாதியில் திரும்பிவிட்டேன்.

31 மார்ச்

நோன்புப் பெருநாள். ரெண்டாங் இறைச்சி வந்தது, வழக்கமான அதே நீலத் தட்டில். ஆனால் ரஷீதா தன் மருமகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களுக்குள் கிடையாது. அதனால் இன்னும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

9 நவம்பர், ஞாயிறு

முடிவு தெரிந்துவிட்டது. வீடுகள்தான். சாலையோர மழைமரங்கள் மட்டும் தப்பின, அவற்றின் கீழே ஒரு நடைபாதை. குழம்பு வைத்துக்கொண்டு நேரே பொங்கோலுக்கு ஓடினேன். அவர்கள் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து வழக்கம்போல் சாமான்களை ஒழுங்கு பண்ணிக்கொண்டே செய்தியைச் சொன்னேன்.

"நாங்க அங்க வர்றோம்னு யாரும்மா சொன்னா?"

"பக்கத்துல இருந்தா உனக்குத்தானே..."

"அங்க ஊரையே கூட்டி வச்சுக் கருத்து கேட்டாங்க. நீங்க என்னைக் கேட்டீங்களா? இங்க எனக்குப் பிடிச்சிருக்கு. தெனம் சாயங்காலம் தண்ணிப் பக்கம் ஓடறேன். இந்த ஃபிரிட்ஜ்ல எது எங்க இருக்கணும்னு நான் முடிவு பண்றேன். அதுகூடப் பிடிச்சிருக்கு."

திலீப் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அதே நாள், இரவு

எனக்கென்ன வந்தது? இருக்கட்டும், பொங்கோல்லயே இருக்கட்டும். யாருக்காகச் செஞ்சேன்? அவளுக்காகத்தானே — அவளுக்காகவா? சட்டியைத் தூக்கிக்கிட்டு அலைய முடியலன்னு எனக்காகவா? அழுகை வந்தது, அழுதேன். அந்தக் காலி நாற்காலிதான் கண்ணுக்குள் நிற்கிறது. அந்த மனிதரையாவது உட்காரச் சொல்லியிருக்கலாம்.

இவர் பால் கலக்கிக் கொடுத்தார். "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். மார்ச்சில் சொல்லியிருந்தால் என்னவாம்!

15 நவம்பர்

நீலத் தட்டில் அதிரசம் வைத்து ரஷீதா வீட்டு மணியை அழுத்தினேன். கதவைத் திறந்தாள். மகள் வரப்போவதில்லை என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"இதுக்கா என் மரத்தையெல்லாம் வித்தே?" என்றாள். திட்டு முடிய வெகுநேரம் ஆனது. எல்லாம் நியாயம்தான், நின்று வாங்கிக்கொண்டேன். பிறகு ஒரு அதிரசத்தை எடுத்துக் கடித்து, "சீனி ஜாஸ்தி. காலையில வா" என்றாள்.

17 ஜனவரி 2026, சனி

நிலத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். நானும் ரஷீதாவும் அதன் வெளிப்புறமாக நடக்கிறோம். உள்ளே மரம் அறுக்கும் சத்தம் கேட்டால் அவள் பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

நேற்று அனுப்ரியாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வரட்டுமா என்றேன். "கேட்டுட்டா வர்றீங்க?" என்றாள். பிறகு, "வாங்கம்மா. குழம்பு வேணாம், நான் சமைக்கறேன்."

இன்று வெறுங்கையோடு போனேன். ரயிலில் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து ரயில் மாறிய பிறகும் பேசிக்கொண்டே வந்தாள். மகள் வீட்டில் போய்ச் சோபாவில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. அனுப்ரியா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி ஃபிரிட்ஜ்ல இருக்கும்மா, எடுத்துக்கங்க."

போய்த் திறந்தேன். கீழ்த்தட்டில் கொத்தமல்லி வாடிக் கிடந்தது. தண்ணீர் போத்தலை மட்டும் எடுத்துக்கொண்டு மூடினேன்.