ஆறு பாட்டுதான் வந்தது, அக்கா

அக்கா,

சிடி டிரைவ் இன்னும் கர்ர் கர்ர் என்று முனகிக்கொண்டிருக்கிறது. உன் மகள் திண்டிவனத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து, துப்பட்டாவில் சுற்றிய அந்த சிடியை எடுத்து நீட்டினாள். "அம்மா பாடுனது, மாமா. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுங்க."

கோயில் பாடகர் குழுவோடு நீ பாடிய எட்டுப் பாட்டு. ஆறு எல்லோரும் சேர்ந்து பாடியவை. கடைசி இரண்டும் நீ மட்டும். பதிவு முடிந்த அன்று விழுப்புரத்துக்கே வந்துவிட்டாய். "எப்டிடா இருக்குது? பொய் சொல்லாம சொல்லு" என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அடுத்த வருடம் தொண்டையில் ஆபரேஷன். உயிரை மிச்சம் வைக்கக் குரலை எடுத்துவிட்டார்கள். அப்போது உன் மகளுக்கு ஒன்றரை வயது. பிறகு நீ இருந்த மூன்று வருடமும் நோட்டில்தான் பேசினாய்.

ஆறு பாட்டு நல்லபடியாக ஏறின. ஏழாவதில் நின்றுவிட்டது. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தேன். வேகத்தைக் குறைத்து வைத்தேன். வேறு டிரைவில் போட்டேன். பிழை, பிழை என்றே காட்டியது. பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். விளிம்போரம் மேல்பூச்சு உரிந்து, வெளிச்சம் ஊடுருவி வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைக் கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார். "அடிப்பக்கம் கீறல்னா தேச்சிப் பாக்கலாம் சார். இது மேல்பக்கம் உரிஞ்சிக்கினு வந்துடுச்சி. பாட்டே அந்தப் பூச்சுலதான் இருக்குது. ஒண்ணும் பண்ண முடியாது."

உன் நோட்டில் ஒரு பக்கம் எனக்காகவே எழுதியிருந்தாய். "இத கம்ப்யூட்டர்ல ஏத்தி வைடா. அவ பெரியவளானா கேக்கட்டும்." அப்போது சிடியில் ஒரு கீறல்கூட இல்லை. பத்து நிமிட வேலை. "அப்புறம் பண்றேன்கா" என்றேன். நீ மறுபடி எழுதிக் கேட்கவில்லை. நீ போன பிறகும் நான் அதைத் தேடவில்லை. உன் வீட்டு ஜன்னலோரம் வெயிலில் அத்தனை வருடம் கிடந்திருக்கிறது.

அவளிடம் இதைச் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஏறிய ஆறு பாட்டையும் வரிசையாகக் கேட்டாள். பன்னிரண்டு பேர் சேர்ந்து பாடுகிறார்கள்.

"மாமா, இதுல அம்மா எது?"

கண்ணை மூடிக் கேட்டேன். மூன்றாவது பாட்டில் ஒரு பெண் குரல் மற்றவர்களை விட்டுச் சற்று மேலே எழுந்தது. "இதோ, இதான் அம்மா" என்றேன். அவள் அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டாள். போனில் ஏற்றிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள்.

அது நீதானா, அக்கா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.