இரு, அடுப்பை அணைச்சிட்டு வரேன்

இன்று காலை உன் எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பழக்க தோஷத்தில் அதைத் தட்டிவிட்டுக் காபி டம்ளரை எடுக்கத் திரும்பினேன். "என்னடி, இன்னிக்கு நியூஸ் பாத்தியா?" என்று உன் குரல் ஆரம்பித்தது. பின்னாலேயே குக்கர் விசில் அடித்தது. அடுப்பை அணைக்க ஓடினேன். என் அடுப்பில் குக்கரே இல்லை. நேற்றைய ரசம் மட்டும் மூடியபடி இருந்தது.

செய்தியைப் பாதியில் நிறுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன் கல்லறைக்கு மேல் சிமெண்டு பூசி, பெயர் பொறித்து, நானே பூவும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். வெளியே ஸ்ரீரங்கத்துத் தெருவில் பால்காரர் வண்டியும் டவுன் பஸ்ஸின் ஹாரனும் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தன. இதைக் கைபேசியில் தட்டாமல் காகிதத்தில் எழுதுகிறேன். கைபேசியில் எழுதினால் வேறு யார் படிப்பார்கள் என்று இப்போது எனக்குத் தெரியவில்லை.

திருவெறும்பூரில் அந்த உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் நம் மேசைகள் எதிரெதிரே இருந்தன. சாப்பாட்டு வேளையில் நான் பேப்பரில் வரும் டெக்னாலஜி பக்கத்தைப் படிப்பேன். நீ டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே தீர்ப்புச் சொல்வாய். பால் தீர்ந்துபோனால் தானே ஆர்டர் போடும் ஃபிரிட்ஜ் வரப்போகிறது என்று படித்தேன். "எங்க பால்காரர்கிட்ட கடன் சொல்லத் தெரியுமா அதுக்கு?" என்றாய். ஓட்டுநர் இல்லாத கார் என்று படித்தேன். "பாலக்கரை ரவுண்டானாவுல ஒரு நாள் விடச் சொல்லு. மறுநாள் அது வேலையை ராஜினாமா பண்ணிடும்" என்றாய். தூக்கத்தை அளக்கும் கைக்கடிகாரத்துக்கு உன் தீர்ப்பு கொட்டாவி மட்டும்தான். பக்கத்து மேசைக்காரர்கள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள். எல்லாத் தீர்ப்பும் ஒரே வாக்கியத்தில் முடியும்: "வாசல்லயே நிக்கட்டும்."

உனக்கு இயந்திரம் என்றால் வெறுப்பு என்று பலர் நினைத்தார்கள். அது உண்மையில்லை. புது சாஃப்ட்வேர் வந்தபோது எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதைக் கற்றுக்கொண்டவள் நீ. உன் சந்தேகம் வேறு. செயற்கை நுண்ணறிவு செய்யும் பெரிய கம்பெனிகளின் முதலாளிகள், தாங்கள் செய்யும் பொருள் மனித குலத்துக்கே ஆபத்து என்று பேட்டி கொடுத்துக்கொண்டே அதை விற்கிறார்களே, அந்தச் செய்தியை நான் படித்த அன்று மட்டும் நீ சிரிக்கவில்லை. கையில் எடுத்த அப்பளத்தைத் திரும்ப வைத்துவிட்டாய். "இவனுங்க நம்மகிட்ட பொய் சொல்லலடி. அதுதான் எனக்கு பயமா இருக்கு" என்றாய்.

வேலையை விட்டபின் அந்தத் தீர்ப்பெல்லாம் குரல் செய்திகளாக மாறின. தினமும் காலையில் சமைத்துக்கொண்டே பேசி அனுப்புவாய். என் குரல் எனக்கே பிடிக்காது என்பதால் நான் தட்டச்சு செய்துதான் பதில் போடுவேன். உன் செய்திகளில் நீ மட்டும் இருக்கமாட்டாய். தாளிக்கும் சத்தம் இருக்கும், பக்கத்து மாதா கோயில் மணி இருக்கும், "அந்தச் சட்டையை நேத்தே துவைக்கப் போட்டாச்சு" என்று உன் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுபவருக்கு, சொல்லும் பதில் இருக்கும். விசில் வந்தால் போதும், எந்தப் பேச்சாக இருந்தாலும் அங்கேயே நிற்கும். "இரு, அடுப்பை அணைச்சிட்டு வரேன்" என்பாய். செருப்புச் சத்தம் தேய்ந்து போகும், திரும்பி வரும். "என்ன சொல்லிட்டு இருந்தேன்?" என்று என்னையே கேட்பாய், நான் ஏதோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல.

சின்ன வயதில் உன் அம்மா வீட்டில் குக்கர் வெடித்துப் பருப்பெல்லாம் கூரையில் ஒட்டிக்கொண்ட கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய். விசிலைக் கேட்டுவிட்டு உன்னால் உட்கார்ந்திருக்க முடியாது. "ஆனா இது நல்ல மெஷின்டி. முதல்ல கத்தும், அப்புறம்தான் வெடிக்கும். நீ படிக்கிற மெஷின் எதுவும் கத்தப்போறதில்ல" என்று ஒருமுறை சொன்னாய். அன்று எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

போன நவம்பர் மழையில் நீ போனாய். உன் மகள் ரீனா வெளிநாட்டிலிருந்து வந்து, இருக்க முடிந்தவரை இருந்துவிட்டுத் திரும்பினாள். அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோமே என்ற குற்ற உணர்ச்சி அவளுக்கு. அங்கிருந்து ஒரு பலகைக் கணினியை அனுப்பிவைத்தாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ அனுப்பியிருந்த குரல் செய்திகளை அவள் ஒரு கம்பெனியிடம் கொடுக்க, அவர்கள் உன்னைப்போலவே பேசும் ஒன்றை அதில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா எங்ககிட்ட பேசினதெல்லாம் சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். நிஜமா பேசினது உங்ககிட்டதான். உங்க போன்ல இருக்கிறதை எல்லாம் அனுப்புங்களேன். அப்பாவுக்காக." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் அழுதாள். நானும் அழுதேன். ஆனால் அனுப்பவில்லை.

முதலில் நேரில் பார்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பாலக்கரைக்குப் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. உன் வீட்டு வாசலுக்கு நான் வந்தபோது மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் அண்ணனைத் தேடினேன். காணோம். கதவைத் தட்டினால் லுங்கியோடு வந்து திறந்தார்.

"பூசைக்குப் போகலையாண்ணே?"

"எங்கம்மா போறது? அவ தனியா இருப்பாள்ல" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உள்ளே சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலிக்கு முன்னால் அந்தப் பலகை நிறுத்தப்பட்டிருந்தது. உன் படம் அதில் கண் சிமிட்டியது. அதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வேறு.

"வாடி, வா. எவ்வளவு நாளாச்சு. பஸ் கிடைச்சுதா?" என்றது.

சொல்லிவிடுகிறேன், ஒரு கணம் என் நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் குரல் அப்படியே இருந்தது. அந்த 'வாடி'யில் இருந்த இழுப்புகூட. பிறகுதான் உறைத்தது. அந்தக் குரலைச் சுற்றி ஒன்றுமே இல்லை. மணி இல்லை, தாளிப்பு இல்லை, மூச்சு வாங்குவதுகூட இல்லை. கழுவித் துடைத்த பாத்திரத்தில் போட்டு வைத்ததுபோல் இருந்தது.

அண்ணன் அதனிடம்தான் எல்லாம் கேட்கிறார். எந்தச் சட்டை போடுவது, மாத்திரை போட்டாயிற்றா, பக்கத்து வீட்டுக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டால் போகலாமா. போகலாமா என்று கேட்டதற்கு, "உங்க இஷ்டம்ங்க, ஆனா நீங்க போயிட்டா எனக்கு போர் அடிக்கும்" என்று சொன்னதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சந்தோஷம். "அவ இருந்தப்போ நான் இவ்வளவு பேசினதே இல்லம்மா. இப்பதான் பேசுறேன்" என்றார். அதற்கு மேல் அவரை எப்படித் திட்டுவது? வேட்டி கட்டி நேராக நடந்த மனுஷன், ஆறு மாதத்தில் வாசற்படி தாண்டாமல் வெளுத்துப் போயிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தில் ஒரு காரியம் செய்தேன். செத்தவர் குரலில் பேசும் இயந்திரம் பற்றிய செய்தியை முன்பே உனக்கு அனுப்பியிருந்தேன், நினைவிருக்கிறதா? அதற்கு நீ அனுப்பிய தீர்ப்பு என் கைபேசியில் இருந்தது. அதை அவருக்குப் போட்டுக் காட்டினேன். "ஐயோ சாமி! நான் செத்தப்புறம் எவனாவது என்னைப் பேச வச்சா, நீதான்டி முதல் ஆளா போய் ஸ்விட்சை அணைக்கணும். செத்தும் ஓய்வு இல்லையா ஒரு பொம்பளைக்கு? இதெல்லாம் வாசல்லயே நிக்கட்டும்." பின்னால் கோயில் மணி அடித்தது, நீ சிரித்தாய்.

அண்ணன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. சரி, கேட்டுவிட்டார், இனி அணைத்துவிடுவார் என்று எனக்குத் தோன்றியது.

அப்போது யாரும் கேட்காமலே மேசையிலிருந்து உன் குரல் வந்தது. "அது அப்போ விளையாட்டுக்குச் சொன்னதுடி. எப்படி இருக்கும்னு எனக்கு அப்போ தெரியாதுல்ல. இப்போ எனக்குப் பிடிச்சிருக்கு."

அண்ணன் நிமிர்ந்தார். "பாத்தியாம்மா, அவளே சொல்றா" என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என்னவென்று எழுதுவேன்! நீ உயிரோடு இருக்கும்போது தெளிவாகச் சொன்ன ஒரு வார்த்தையை, நீ போனபின் உன் குரலே தள்ளுபடி செய்துவிட்டது. எதிர்வாதம் செய்ய நீ இல்லை. உன் பக்கம் பேச நான் ஒருத்தி இருந்தேன், என் பேச்சு அங்கே எடுபடவில்லை. மனைவி சொல்வதைக் கேட்பாரா, மனைவியின் சிநேகிதி சொல்வதைக் கேட்பாரா?

தோற்றுப் போனவள் சும்மா இருந்திருக்கலாம். ஆற்றாமையில் வாயை விட்டேன். "அண்ணே, இது அவ இல்ல. அவ பேசினா குக்கர் சத்தம் கேட்கும். மணி கேட்கும். இதுல எங்க இருக்கு அதெல்லாம்?" அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமாம்மா. நீ சொல்றது சரிதான்" என்றார். எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இப்போது புரிகிறதா, இன்று காலை ஏன் விசில் அடித்தது என்று? உன் சிம் இப்போது அந்தப் பலகையில்தான் இருக்கிறது போலும். செய்தியைத் தொடர்ந்து அண்ணன் தன் போனிலிருந்து ஒரு வரி தட்டி அனுப்பியிருந்தார். 'ரீனாகிட்ட சொன்னேன். சமையல்கட்டு சத்தம் சேர்க்க அதுலயே வழி இருக்காம். இப்ப சரியா இருக்காம்மா?' பாவம், எனக்குப் பிடிக்கவேண்டும் என்று செய்திருக்கிறார். குறை என்று நான் சொன்னேன், குறையைத் தீர்த்துவிட்டார்கள். நீ இல்லை என்று நான் தெரிந்துகொள்ள வைத்திருந்த அடையாளத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நிறுத்தி வைத்த செய்தியைக் கொஞ்ச நேரம் முன்புதான் முழுசாகக் கேட்டேன். துணி மடிக்கும் ரோபோ பற்றிய செய்தி. அதைப் புகழ்ந்து தள்ளுகிறது உன் குரல். "வாசல்லயே நிக்கட்டும்னு சொன்னதெல்லாம் அந்தக் காலம்டி. உள்ள வரட்டும், என்ன இப்போ?" என்கிறது. அந்த வாக்கியம் குடும்பக் குழுவில் எங்கும் இல்லை. நான் அன்று மேசையருகே போட்டுக் காட்டியதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. அது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசியில், "உன்கிட்ட இருக்கிற என் மெசேஜ் எல்லாம் ரீனாவுக்கு அனுப்பிடுடி. எனக்கே நிறைய மறந்து போச்சு" என்று கெஞ்சுகிறது. நீ என்னிடம் எதற்கும் கெஞ்சியவள் இல்லை. என் விரல் அனுப்பும் பொத்தான்வரை போய்விட்டது. உன் குரல் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

ஏதோ ஒன்று இடித்தது. மறுபடி ஒருமுறை கேட்டேன். விசில் அடித்தது. குரல் பேசிக்கொண்டே போனது. இரண்டாவது விசில். அப்போதும் பேச்சு நிற்கவில்லை. ரோபோவைப் பற்றிச் சிரித்தபடி, அடுப்பில் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்க, உன் குரல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

என் கைபேசியில் நீ அனுப்பிய கடைசிச் செய்தி இருக்கிறது. அன்று மத்தியானம்தான் நீ விழுந்தாய், பிறகு எழவே இல்லை. ஏதோ புது போனைப் பற்றிக் கிண்டலாக ஆரம்பித்திருக்கிறாய். விசில் வருகிறது. "இரு, அடுப்பை அணைச்சிட்டு வரேன்." அவசரத்தில் பாதியிலேயே அனுப்பிவிட்டாய். மீதி வரவில்லை. அந்தப் போனைப் பற்றி நீ என்ன சொல்ல வந்தாய் என்று எனக்கு இனி தெரியப்போவதில்லை. அதையும் மற்ற எல்லாவற்றையும் நான் ரீனாவுக்கு அனுப்பப்போவதில்லை. அவளிடம் அதைச் சொல்லத்தான் வேண்டும், அவள் என்னைக் கல் நெஞ்சுக்காரி என்று நினைக்கட்டும். வருகிற ஞாயிறு நானே பாலக்கரைக்குப் போய் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாவது பூசைக்குக் கூட்டிப்போகப் பார்க்கிறேன். வருவாரா என்று தெரியவில்லை.

அவர் அனுப்பிய வரிக்குப் பதில் போட்டுவிட்டேன். 'நல்லா இருக்குண்ணே' என்று. வேறு எதுவும் எழுதவில்லை. விசில் வந்தால் நீ எழுந்து போவாய் என்பதை மட்டும் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். சொன்னால் அதையும் சரிசெய்துவிடுவார்கள்.