ஒயர் இல்லாத சுவிட்ச்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பேத்தியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், அப்படியே இருங்கள். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் என் கைக்குப் பழக்கம், ஆனால் இன்றைக்கு அந்த வரியை எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது. வாசலில் நாற்காலியைப் போட்டு, உன் பழைய பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அம்மா, அவ்வளவுதான்.

போன வாரம் நான் போன் செய்து, தம்பியின் வலிப்பு மாத்திரைப் பார்சல் வீடு வந்து சேராமலே உன்னிடம் திரும்பி வருகிறது, உடனே இன்னொன்று அனுப்பு என்று சொன்னேன் இல்லையா. நீ அந்த கூரியர்காரர்களைக் கிழி கிழி என்று கிழித்தாய். நானும் சேர்ந்துகொண்டு சோம்பேறிகள், பொய்யர்கள் என்று திட்டினேன். அன்றைக்கு நான் உன்னிடம் சொன்னதில் பாதி பொய். மீதி உண்மையை இப்போது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

இங்கே கிடைக்காத அந்த மாத்திரையை இத்தனை வருஷமாக நீ சாதாரணத் தபாலில் அனுப்பினாய், நம் தபால்காரர் கொண்டுவந்து சமையலறை ஜன்னல் பக்கம் நின்று குரல் கொடுப்பார், உன் அம்மா போய் வாங்கிக்கொள்வாள். இந்தத் தடவை நாள் கடந்துவிட்டதால் அவசரமாகப் போய்ச் சேரட்டும் என்று நீ கூரியரில் போட்டாய், அதில் உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ சொன்ன பார்சல் எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தேன், திங்கட்கிழமை வரும் என்று காட்டியது. நான் ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளாமல் வீட்டிலேயே இருந்தேன். நான், அம்மா, உள்ளே மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றிக்கொண்டு தம்பி, ஆக மூன்று பேரும் நாள் முழுக்க வீட்டில். சாயங்காலம் பார்த்தால், கொண்டுவந்தோம், வீட்டில் யாரும் இல்லை என்று காட்டுகிறது. எனக்கு எப்படி இருக்கும் சொல். செவ்வாயும் அதே கதை, புதனும் அதே கதை. மூன்று தடவைக்கு மேல் வர மாட்டார்களாம், அனுப்பினவருக்கே திருப்பி விடுவார்களாம், அதுதான் சட்டமாம்.

அந்த மூன்று நாளும் நான் போனோடு போராடினதை அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு, ஒன்பதை அமுக்கு என்று அமுக்க வைத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு பெண் குரல் சொல்லும், அப்புறம் ஒரு மெட்டுப் போடுவார்கள். அந்த மெட்டை உன் அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். முக்கியம்னா எடுத்துப் பேசேம்மா என்று நான் கத்தினேன், டேப்போட சண்டை போடுற முதல் ஆளு நீங்கதான் என்றாள். ஒரு வழியாக ஆள் கிடைத்தபோது, சார், சிஸ்டத்துல கதவு பூட்டியிருந்துச்சுன்னுதான் காட்டுது என்றது அந்தப் பெண். உங்க சிஸ்டம் என் வாசலுக்கு வந்து பாத்துச்சா என்று கேட்டேன். உங்க கோபம் புரியுது சார் என்று சொல்லி, தொலைபேசி எண்ணைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒரு புகார் எண் கொடுத்தது. ஒரு மணி நேரத்தில் உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வந்தது. சரி, வந்தவர் வாசலில் நின்று எனக்கு ஒரு போன் போடக் கூடாதா என்றால், பார்சல் மேல் இருப்பது உன் வெளிநாட்டு நம்பராம், அதற்கெல்லாம் போன் செய்ய அனுமதி இல்லையாம்.

வியாழக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவர்களுடைய கிடங்குக்கே போனேன். ஊருக்கு வெளியே, தகரக் கூரை, இரும்பு ஷட்டர் பாதி இறக்கியிருக்கிறது, உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டி. எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஜோடியில் இன்னொன்று எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கும் ஒரு புகார் எண் கொடுத்தார்கள். என் முறை வந்ததும் கவுன்டர்காரர், உங்க பார்சல் காலைல ஆறு மணி லாரில திரும்பிப் போயிடுச்சு என்றார். நம் தெருவுக்கு வருகிற டெலிவரிக்காரர் என்று அவர் காட்டியவர் அங்கேயே மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். என் வயசில் பாதிகூட இருக்காது, மெலிந்த மனுஷர், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். அவர் சட்டையைப் பிடிக்காத குறைதான். வாசப்படி ஏறச் சோம்பல்பட்டுக்கிட்டுப் பொய் எழுதுறியா, என் பிள்ளை உயிரு உனக்கு விளையாட்டா என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. சார், நான் பொய் சொல்லல, இதைப் பாருங்க என்று போனை நீட்டினார்.

மூன்று நாளும் அவர் போட்டோ எடுத்திருக்கிறார், வந்ததற்கு அத்தாட்சி வேண்டுமாம். மூன்றிலும் நம் வீட்டுக் கதவு. மூன்றிலும் அவர் கட்டைவிரல் நம் பெல் சுவிட்சின் மேல். கீழே என் செருப்பு கிடக்கிறது. செருப்பு இருக்கே, ஆள் இருப்பாங்கன்னு நாலு தரம் அமுக்கினேன் சார், தட்டலாம்னா தட்டாதீங்கன்னு நீங்களே எழுதி ஒட்டியிருக்கீங்க என்றார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அப்போது உனக்குப் பன்னிரண்டு வயசு, தம்பிக்கு ஆறு. பெல் சத்தத்தில் திடுக்கிட்டு அவனுக்கு வலிப்பு வந்து, விழுந்து புருவம் கிழிந்தது. அன்றைக்கே நான் உள்ளே மணியைக் கழற்றி ஒயரை வெட்டிவிட்டேன். ஆனால் வெளியே சுவிட்சை எடுக்கவில்லை. எடுத்தால் சுவரில் ஓட்டை தெரியும், எலக்ட்ரீஷியன் வீட்டிலேயே ஓட்டையா என்று நாலு பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். அதோடு நிற்காமல், தட்டாதீர்கள் என்று கொட்டை எழுத்தில் எழுதியும் ஒட்டினேன். தெரிந்தவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் வந்துவிடுவதால் பதினெட்டு வருஷமாக அது என் கண்ணில் படவே இல்லை. ஊரில் எத்தனை வீட்டுக்கு பெல் மாட்டியிருப்பேன். என் வீட்டுக்கு வந்தவரை நானே கதவையும் தட்ட விடாமல், மணியும் அடிக்க விடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கிடங்கில் நின்று, அந்த பெல்லுக்கு ஒயர் இல்லப்பா என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவரிடம் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நேரே வாசலுக்குப் போய் அந்தக் காகிதத்தை நகத்தாலேயே சுரண்டி எடுத்தாள். அன்றிலிருந்து நான் விடிந்ததும் வாசலுக்கு வந்து உட்கார்ந்து விடுகிறேன். நீ அனுப்பின இரண்டாவது பார்சல் இந்த நாட்டுக்கு வந்துவிட்டதாம், மூன்று நாளாகச் சுங்கப் பரிசோதனையில் உள்ளது என்றே காட்டுகிறது. அந்தச் சுங்க அலுவலகத்துக்கும் போன் போட்டேன், அங்கேயும் ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்குதான். தம்பியைப் பார்க்கிற டாக்டரம்மா, நாளை மதியத்துக்குள் மாத்திரை வரவில்லை என்றால் துணிமணியோடு வந்து அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள், இங்கே கிடைக்கிற மருந்தையே ஆரம்பிக்கலாம் என்கிறார். அந்த மருந்துதான், ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனைப் பதினோரு நாள் படுக்கையில் போட்டதே, பெற்றவளைப் பார்த்து நீங்க யாரு என்று கேட்டானே, அதே மருந்து. உன் அம்மா பையை எடுத்துத் துணி வைக்கிறாள், திரும்ப எடுத்து அலமாரியில் வைக்கிறாள், மறுபடியும் வைக்கிறாள்.

தம்பிக்குத் தெரிய வேண்டாம் என்று பார்த்தோம். காயிலில் ஒரு சுற்றுப் பிசகாமல் எண்ணுகிறவனுக்கு டப்பாவில் இருக்கிற மாத்திரையை எண்ணத் தெரியாதா. நேற்று என் பக்கத்தில் வந்து நின்று, அப்பா, பெல்லை மாட்டுங்க, நீங்க எத்தனை நாள் இப்படிக் காவல் காப்பீங்க என்றான். நான் மாட்ட மாட்டேன் என்றேன். நானே அமுக்கினா திடுக்குன்னு இருக்காதுல்ல, அப்படியே பழகிக்கிறேன் என்றான். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். ஒயர் இழுத்து மணியை மாட்ட அரை மணி நேரம் ஆனது. அவனே பத்து தடவை அமுக்கினான். அப்புறம் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி என்னை அமுக்கச் சொன்னான். முகம் வெளுத்தது, ஆனால் நின்றான். எண்ணாமல் அமுக்க மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

இதுவரை எழுதிவிட்டு நாற்காலியிலேயே அட்டையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன், ரெண்டு வாய் அள்ளிப் போட்டுட்டுப் போங்க என்று அம்மா பிடிவாதம். மூன்று பேரும் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். பெல் அடித்தது. யாரும் எண்ணவில்லை, யாரும் சொல்லவில்லை. உன் அம்மா பாய்ந்து அவன் தோளைப் பிடித்தாள். அவன் இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடினான், உதடு துடித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கண்ணைத் திறந்து, ஆள் வந்திருக்கு, போய்த் திறங்கப்பா என்றான்.

ஓடினேன். அந்த டெலிவரிக்காரர்தான் நின்றார், முழங்கால் பட்டையோடு, வெறுங்கையோடு. உங்க பேருக்கு இன்னொரு பார்சல் வருதுன்னு லிஸ்ட்ல பாத்தேன், சரக்கு இன்னும் வரல சார், பெல் அடிக்குதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் என்றார். நாளைக்குக் காலை லாரியில் இருந்தால் முதல் வீடு நம் வீடுதானாம், இல்லை என்றாலும் வந்து சொல்லிவிட்டுப் போவாராம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் அம்மா. மன்னிச்சிடுப்பா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்றுகூட நினைவில்லை.

டப்பாவில் இரண்டு மாத்திரை இருக்கிறது, இன்று ராத்திரிக்கு ஒன்று, நாளைக் காலைக்கு ஒன்று. இந்தக் கடிதத்தை நம் தபால்காரரிடம் கொடுக்கிறேன், உன் கைக்கு வரப் பத்து நாளாவது ஆகும். இதைப் படிக்கும்போது என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு இப்போது தெரியவில்லை. நீயும் உன் வீடும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும், பேத்திக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் அன்பு. இனிமேல் எது அனுப்பினாலும் என் நம்பரையும் மறக்காமல் எழுது. வீட்டில் ஆள் இருக்கிறது, பெல் அடிக்கிறது என்றும் எழுது.

வாசலிலேயே உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா