அறிவுமதியின் பெயர் எங்கே?

சிதம்பரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் நம் பிள்ளைகளும் நலம். ஜப்பான் குளிர் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா? இருமல் விட்டதா? இவ்வளவுதான் அன்பாகக் கேட்க முடிகிறது. மீதி முழுக்கக் கோபம்தான். போனில் சொன்னால் அப்புறம் பேசலாம் என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் மையத்தின் திறப்பு விழா அழைப்பிதழ் வந்தது. புதுக் கட்டடத்துக்கு 'முனைவர் செம்பியன் குரங்கின ஆராய்ச்சி மையம்' என்று உங்கள் பெயராம். அச்சுப் பிழையோ என்று மேனேஜர் கலைமணியைக் கேட்டேன். "சாரே ஓகே சொல்லிட்டாரு மேடம்" என்றார்.

கிள்ளை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு நீங்கள் ஆரம்பித்தபோது கூட இருந்த ஒரே மாணவி அறிவுமதி. குரங்குத் தொல்லை என்று கூண்டு வைத்த தெருக்காரர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசி, கூண்டுகளை எடுக்க வைத்தவள். நீங்கள் ஆராய்ந்த ஒவ்வொரு குரங்குக்கும் முகம் பார்த்துப் பெயர் வைத்தவளும் அவள்தான். வெள்ளத்தில் மரத்தில் மாட்டிக்கொண்ட குரங்குகளைப் பார்க்கப் படகில் போனவள், உயிரோடு திரும்பவில்லை. அழைப்பிதழில் மையத்தின் வரலாறு என்று ஒரு பக்கம் போட்டிருக்கிறார்கள். அதில் அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எழுதியது நீங்கள்தானாம்.

அவளுடைய காரியத்தன்று திருப்பாதிரிப்புலியூரில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், அவள் அம்மா தைலம்மாளின் கையைப் பிடித்து என்ன சொன்னீர்கள்? "ஒங்க பொண்ணு பேர்லதாம்மா அந்த எடம் நிக்கும்." நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெளிநாட்டில் உங்கள் பெயர்தான் தெரியும் என்று மையத்தை நடத்தும் டிரஸ்டில் வற்புறுத்தினார்களாம். தெரிந்துவிட்டுப் போகட்டும். வாக்குக் கொடுத்தது டிரஸ்டா?

அந்த அம்மா வருஷா வருஷம் மகள் திதிக்கு வாழைத்தாரோடு மையத்துக்கு வருகிறார். குரங்குக்குத் தீனி போடக் கூடாது என்பது உங்கள் சட்டம். மகளும் அதைத்தானே சொல்லுவாள் என்று, தாரை வாட்ச்மேன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடுகிறார். அப்படிப்பட்டவர் இன்று காலை எனக்குப் போன் செய்தார். அழைப்பிதழ் அவருக்கு இன்னும் போகவில்லை; விழாவுக்குத் தெருவையே கூட்டிக்கொண்டு வர வேன் பேசிவிட்டாராம். "பேரு பலகைய நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கலாமா ஜெயா?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

பலகை இன்னும் எழுதவில்லை. கலைமணியிடம் நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். முதலில் கலைமணிக்குச் செய்யுங்கள், பிறகு அந்த அம்மாவுக்கு.

விழாவில் உங்கள் பக்கத்தில் நிற்க எனக்கு ஆசை மாமா. என்னை நிற்க விடுங்கள்.

உங்கள்,
ஜெயராணி