சத்தம் போடாத கட்டைகள்

மச்சான்,

இன்று கஹவத்தை பஜாரில் ஒரு கடைக்கார நானாவிடம் நன்றாகப் பேச்சு வாங்கினேன். தோட்டத்தின் கீழ் டிவிஷன் பஜனைக் குழுவுக்கு ஒரு கீபோர்டு வாங்க வேண்டுமாம். நல்லது கெட்டது பார்த்துச் சொல்ல என்னை இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள். மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. நானா பிளக்கைச் செருகப் போனார். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மின்சாரம் இல்லாமலேயே முதல் பெட்டியின் கட்டைகளைக் கீழிருந்து மேலே ஒரு ஓட்டு ஓட்டினேன். பிறகு குனிந்து, காதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை.

"என்னா தம்பி, கரண்டு இல்லாம என்னத்தக் கேக்கிறீங்க? இது என்ன பலாக்காயா, தட்டிப் பாக்க?" என்றார் நானா.

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது உன் பழக்கம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? நீ போய் மூன்று வருடமாகிறது. புதுப் பிளாஸ்டிக்கின் வாசனையும் அந்த வெற்றுக் கட்டைகளின் டக டக சத்தமும் சேர்ந்து வந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஏதோ ஒன்றைக் கைகாட்டி "இது நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு பிளேன்டி குடித்தேன். ஆறிப்போன பிளேன்டி. அதைக்கூடத் திட்ட மனம் வரவில்லை.

பகலில் நீ ரப்பர் மலையில் பால் வெட்டினாய், நான் பக்டரியில் தேயிலைக் கொழுந்து வாட்டினேன். சனி ஞாயிறு வந்தால் நீ டோலக், நான் கீபோர்டு. கஹவத்தையிலிருந்து பலாங்கொடை வரை நம் குழு வாசிக்காத கோயில் திருவிழா இல்லை, கல்யாணம் இல்லை, சடங்கு வீடு இல்லை. லயத்து வீட்டு வரிசையில் உன் காம்பரா ஐந்து, என்னுடையது ஆறு. உனக்குக் கல்யாணமானதும் நடுச்சுவருக்கு மேலே இருந்த இடைவெளியைக் கல் வைத்து அடைத்துவிட்டாய். "இனிமே நீ பேசுறது எனக்குக் கேக்காது, நான் பேசுறது ஒனக்குக் கேக்காது. ரெண்டு பேருக்கும் நிம்மதி" என்றாய். உனக்குக் கல்யாணம் ஆன மாதிரி எனக்கு ஆகவில்லை. எனவே அந்த நிம்மதி எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைத்தது.

என் முதல் கீபோர்டை அந்தச் சுவரில் அடித்த பலகையின் மேல்தான் வைத்திருந்தேன். எங்கோ யாரோ வாசித்துத் தேய்ந்து வந்த பெட்டி அது. அதன் கட்டைகளைக் கட்டை என்று சொல்வதே பாவம். அமுக்கினால் அடியில் போய் 'டக்' என்று இடிக்கும், விட்டால் மேலே வந்து இன்னொரு 'டக்'. லயத்தில் பிள்ளைகள் படிக்கிற நேரம் என்பதால் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகுவேன். என் காதுக்குள் வயலினும் புல்லாங்குழலும் போய்க்கொண்டிருக்கும். வெளியே கேட்பவருக்கு வெறும் இடிச் சத்தம். பாக்கு இடிக்கிறேனா என்று லயத்தில் கேலி செய்தார்கள்.

நீ மட்டும் கேலி செய்யவில்லை. ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டல் வந்தது. திட்டத்தான் தட்டுகிறாய் என்று நினைத்து நிறுத்தினேன். மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி தட்டல். அப்புறம்தான் புரிந்தது. என் கட்டைச் சத்தத்தைக் கேட்டே பாட்டைக் கண்டுபிடித்து, விரலால் சுவரில் டோலக் வாசித்துக்கொண்டிருந்தாய். சுரமே இல்லாமல், ராகமே இல்லாமல், வெறும் இடியை வைத்துக்கொண்டு! அன்றைக்கு வாசல் இஸ்தோப்பில் நின்று உன்னிடம் கேட்டேன். "சொரமெல்லாம் ஒனக்கு. எனக்குக் கட்ட பேசுனா போதும்டா" என்றாய்.

அதற்குப் பிறகு தினமும் ஆறு மணிக்கு அதுதான். எனக்குக் கை ஓடும், உனக்குத் தெரியும். சரணத்துக்கு வந்தால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் போல வேகம் எடுப்பேன். உடனே சுவரில் இரண்டு பலமான தட்டு. 'ஓடாத' என்று அர்த்தம். மேடையிலும் டோலக்கின் விளிம்பில் அதே இரண்டு தட்டு தட்டுவாய். ஆயிரம் பேர் இருந்தாலும் எனக்கு மட்டும் அது தனியாகக் கேட்கும்.

மழைக்காலத்தில் பால் வாளியோடு மலையில் வழுக்கி விழுந்தாய். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் நாலு மாதம் கிடந்து வந்த பிறகும் இடுப்புக்குக் கீழே உனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டது. கட்டிலை நடுச்சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னாய். உன் மனைவி காலையில் மலைக்குப் போனால் மாலையில்தான் வருவாள், மகள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். பகல் முழுக்க நீயும் ரேடியோவும். டோலக்கை மடியில் வைத்துப் பார்த்தாய். உட்கார்ந்தால் வலி. அதைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றச் சொன்னபோது நீ என்னைப் பார்க்கவில்லை, நானும் உன்னைப் பார்க்கவில்லை.

குழு என்ன செய்யும்? யட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து ஒருவரைக் கூட்டி வந்து பார்த்தோம், சரிவரவில்லை. அப்போதுதான் வர்க் ஸ்டேஷன் என்ற பேச்சு வந்தது. வாசிப்பது மட்டுமில்லை, தாளத்தையும் வீணையையும் வயலினையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்து வைத்துத் திருப்பிப் போடலாம் என்றார்கள். அதாவது ஆள் இல்லாத குறையைப் பெட்டி தீர்த்துவிடும். யார் அந்த ஆள் என்று ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

கொழும்புக்குப் போனால் வழியெல்லாம் ராணுவச் சோதனை. ஆகவே பலாங்கொடையிலேயே பார்ப்பதென்று முடிவாயிற்று. விஷயத்தை உன்னிடம் இழுத்து இழுத்துச் சொன்னேன். நீ ஒரே வார்த்தையில், "நானும் வர்றேன்" என்றாய். உன்னை இரண்டு பேராகத் தூக்கி ஆட்டோவில் வைத்தோம். பத்து மாதத்துக்குப் பிறகு பஜாரைப் பார்த்த உன் முகத்தில் இருந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஒவ்வொரு கடைப் பலகையையும் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தாய்.

எங்கள் கைக்கு எட்டியவை இரண்டே இரண்டு. கடையில் நின்ற சிங்களவர் "கஹலா பலன்ன மல்லி" என்றார். வாசித்துப் பார்க்கச் சொன்னதுதான் தாமதம், நான் பெரிய வித்துவான் தோரணையில் இறங்கிவிட்டேன். முதல் பெட்டியில் புல்லாங்குழல் அருமை, மூச்சே கேட்டது. ஆனால் நாதஸ்வரம் லொறி ஹார்ன். தபலா, டோலக் சத்தமோ தகர டின். கட்டைகளும் சரியில்லை. மெதுவாக அமுக்கினாலும் ஒரே சத்தம், அழுத்தி அமுக்கினாலும் அதே சத்தம். கறுப்புக் கட்டையின் வேர்ப்பக்கம் கல் மாதிரி. விட்டால் திரும்பி வரும்போது கடகடவென்று ஆடியது.

இரண்டாவது பெட்டியில் கை வைத்ததுமே தெரிந்தது. கட்டை மெத்தென்று இறங்கியது. தொட்டால் தொட்ட அளவுக்கு, அடித்தால் அடித்த அளவுக்குச் சத்தம் வந்தது. இரண்டு விரலால் ஒரே கட்டையை வேகமாக மாற்றி மாற்றித் தட்டினால் ஒன்றுகூடத் தவறவில்லை. வயலின் கொஞ்சம் மெலிவுதான். ஐந்தாறு சுரத்தைச் சேர்த்துப் பிடித்தால் பழைய சுரம் ஒன்று வெட்டுப்பட்டு நின்றது. இருந்தாலும் டோலக் இருந்ததே, மச்சான், அது தோல் சத்தம்.

நீ நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாய். "வொலியூம அமத்திட்டு ரெண்டையும் வாசி" என்றாய். வாசித்தேன்.

"மொதப் பெட்டிய எடு."

"எதுக்குடா? கட்ட ஒண்ணும் சரியில்ல, சப்பட்டையா இருக்கு."

"இருக்கட்டும். மொதப் பெட்டியில கட்ட பேசுது. மத்தது ஊமை."

"கட்ட பேசி என்னாத்துக்கு? ஸ்பீக்கர் பேசுனா போதாதா?"

"சொன்னா கேளுடா. அதையே எடு."

உன் முகம் சிவந்துபோயிருந்தது. நீ பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை. எனக்குள் ஒரு கெட்ட கணக்கு ஓடியது. முதல் பெட்டியில் டோலக் தகர டின், இரண்டாவதில் அசல் தோல். இவன் எதற்கு முதலாவதை எடுக்கச் சொல்கிறான் என்று யோசித்து, பெரிய மூளைக்காரன் மாதிரி நானே விடையும் கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடித்ததை வாய்க்குள் வைத்திருக்கலாம். குழுவில் எல்லோரும் நிற்க, கடைக்காரர் நிற்க, சொன்னேன்.

"என்னாடா, ஒன் எடத்த மெஷின் புடிச்சிக்கும்னு பயமா இருக்கா?"

நீ கண்ணைத் திறந்து, என்னை அல்ல, உன் காலைப் பார்த்தாய். "சரிடா. ஒனக்குப் புடிச்சதையே எடு" என்றாய். வருகிற வழியில் ஒரு கடைப் பலகையையும் வாசிக்கவில்லை.

மெத்தென்ற பெட்டி என் பலகைக்கு வந்து சேர்ந்தது. முதல் நாளே வெட்கமாகிவிட்டது எனக்கு. மன்னிப்புக் கேட்க வேண்டியதுதானே? கேட்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பெரிய உபகாரம் செய்தேன். அந்தப் பெட்டியின் டோலக் ஒரு சொட்டுக்கூட உன் காதில் விழக்கூடாது என்று முடிவு செய்தேன். லயத்துப் பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்து, சத்தமாக வாசிக்க யாரும் தடை சொல்லாத நாட்களிலும் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஆறு மணிக்கு உட்காருவேன், வாசிப்பேன். சுவரில் தட்டல் வரவில்லை. சரணத்தில் வேண்டுமென்றே ஓடிப் பார்த்தேன். அதற்கும் வரவில்லை. கோபம் இன்னும் போகவில்லை, போகட்டும், ஆறட்டும் என்று இருந்தேன்.

இடையில் உன் காம்பராவுக்கு வராமலும் இல்லை. வந்தேன், மருந்து பற்றிப் பேசினேன், தோட்டத்து வம்பு பேசினேன். ஒருமுறை நீ, "பெட்டி எப்பிடி?" என்றாய். "நல்லாருக்கு" என்றேன். "ம்" என்றாய். அந்த 'ம்'மை நான் அப்போது சரியாகக் கேட்டிருக்க வேண்டும். சுரத்தின் வால் எங்கே அறுகிறது என்று கேட்கத் தெரிந்த காதுக்கு அது கேட்கவில்லை.

ஏழு வாரம் இப்படியே போயிற்று. பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. முதுகுப் புண்ணிலிருந்து வந்தது என்றார்கள். மூன்றாம் நாள் நண்பகல், நான் பக்டரியில் நிற்கும்போது ஆட்கள் வந்து சொன்னார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குக் கிளம்பினாள். மூட்டைகளை நான்தான் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். இரத்தினபுரி பஸ் வந்து நின்றது. ஏறப் போனவள் திரும்பினாள்.

"அண்ணே, கேக்கணும்னு இருந்தேன். நீங்க எதுக்கு வாசிக்கிறதையே விட்டுட்டீங்க?"

எனக்கு எதுவும் புரியவில்லை.

"அவரு ஆறு மணியானா ரேடியோவ அமத்தச் சொல்லிருவாருங்க. புள்ளயவும் பேச விட மாட்டாரு. சொவத்துல காத வச்சிக்கிட்டுக் கெடப்பாரு. கொஞ்ச நேரம் போனதும், 'இன்னிக்கும் இல்ல, இன்னும் கோவமாத்தான் இருக்கான்'னு சொல்லிட்டு ரேடியோவப் போடச் சொல்லுவாரு. கடையில கட்டச் சத்தம் பெருசா இருக்கிற பெட்டியத்தான் எடுக்கச் சொன்னாராமே? அதுன்னா சொவத்தத் தாண்டிக் கேக்கும்னாரு. எல்லாரும் நிக்கையில அத எப்பிடிச் சொல்றதுன்னு வெக்கமாப் போச்சாம்."

கொண்டக்டர் ஏறச் சொல்லிக் கத்தினார். அவள் என் பதிலுக்காக நின்றாள். தினமும் வாசித்தேன் என்று சொன்னால், கேட்காத சத்தத்துக்காக நீ காத்துக் கிடந்தாய் என்பதையும் அவள் சுமந்துகொண்டு போக வேண்டும். எனக்குத் தைரியமும் இல்லை. "ஆமா தங்கச்சி, வேல கூடிப்போச்சு. வாசிக்க முடியல" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். உன் மகள் ஜன்னலில் இருந்து கை காட்டினாள்.

ஐந்தாம் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. நல்ல ஆட்கள்தான். குழுவில் நான் இன்னும் வாசிக்கிறேன், பெட்டியும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று ரோட்டில் நின்று உன் மனைவியிடம் சொன்ன பொய் என்னைவிட்டுப் போகவில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதை இன்றாவது உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

வாசித்தேன், மச்சான். அந்த ஏழு வாரமும் ஒரு நாள் விடாமல், ஆறு மணிக்கு, அதே சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நீ தட்டுகிறாயா என்று நானும் சுவரில் காதை வைத்துக் கேட்டேன்.