நீரோவுக்குக் கேட்ட சாட்சி

என் கோபக்கார அண்ணனுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. சம்பா கதிர் வாங்கிவிட்டது. நல்ல சேதி அவ்வளவுதான். மீதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

தஞ்சாவூர்க் கல்லூரியில் நான் ரோமாபுரிச் சரித்திரம் நடத்துவதை, 'செத்த ராஜாக்களுக்கு வக்கீல்' என்று கேலி செய்வாயே. ரோம் எரிந்தபோது நீரோ பிடில் வாசித்தான் என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. பிடிலே அன்றைக்குக் கிடையாது என்பேன். தீப்பிடித்தபோது அவன் ஊரில் இல்லை, திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டத்தைத் திறந்துவிட்டான் என்று அவனைப் பிடிக்காதவர்களே எழுதியிருக்கிறார்கள். பெற்ற தாயைக் கொல்லச் சொன்னவன்தான், அதையும் மறைக்க மாட்டேன். எழுதியவர் யார், அவருக்கு அவன்மேல் என்ன காய்ச்சல் என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள் என்று வருஷா வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறேன்.

ஆடியில், நீ தலைவராக இருந்த பாசனச் சங்கத்தின் கூட்டம் நடந்தது. தண்ணீர் இல்லாத அந்த வருஷம் நீ திமிரில் வாய்க்கால் ஷட்டரை நாலு நாள் பூட்டிவைத்து ஊர்ப் பயிரைக் கருகவிட்டாய் என்றார்கள் புதிய நிர்வாகிகள். ஷட்டர் கொட்டகைச் சுவரில் இருக்கும் உன் பெயரை அழிக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள்.

"அண்ணன் முரட்டுக் குணம்தாங்க. அழிச்சிடுங்க, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்றேன். கை வேறு கூப்பினேன். அண்ணி பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அன்று மாலையே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.

போன வாரம் கீழ்வேளூர் பஸ் ஸ்டாண்டில் பாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடையில் குத்தகைக்குப் பயிர் வைப்பவள். நீ பூட்டியது தண்ணீர் முதலில் பாயும் மேல்மடை வாய்க்காலை, நம் வயலுக்கும் அதில்தான் தண்ணீர் என்றாள். அந்த நாலு நாளும் கடைமடைக்கு இறங்கி வந்த தண்ணீரில்தான் அவர்கள் பயிர் பிழைத்ததாம். இன்றைய நிர்வாகிகள் எல்லாரும் மேல்மடைக்காரர்கள்.

"பேரை அழிக்கச் சொல்றதுக்கு முன்னாடி எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேம்மா" என்றாள்.

நம் வயலும்தான் அந்த வருஷம் கருகியது. அது ஏன் என்று எனக்குத் தோன்றவில்லையா? தோன்றியது. உன் வீம்பு என்று விட்டுவிட்டேன். நாலு பேர் முன்னால் நீ சத்தம் போடும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும், அண்ணா. படித்தவள் என்ற என் மரியாதை கெடாமல் அன்று வீடு வந்து சேர்ந்தால் போதும் என்றிருந்தது. என்றைக்கோ செத்த ஒரு கொலைகாரனுக்குச் சாட்சி தேடியவள், கூடப் பிறந்தவனுக்காகக் கடைமடைவரை நடக்கவில்லை.

நேற்று அண்ணியிடம் போய்ச் சொன்னேன். அவளுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. பிறகு ஏன் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன்.

"நீ சரித்திரம் படிச்சவ. விசாரிச்சுட்டுத்தான் பேசுறியாக்கும்னு இருந்துட்டேன்" என்றாள்.

தையில் அடுத்த கூட்டம். பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போகிறேன். உன்னைத் தெய்வமாக்க மாட்டேன். ஒருவரையும் கலக்காமல் பூட்டுப் போட்டது உன் தப்பு, அதையும் சொல்வேன். யார் பயிரைக் கருகவிட்டு யார் பயிரைக் காப்பாற்றினாய் என்பதையும் சொல்வேன். ஆனால் விசாரிக்காமலே உன் பெயரை அழிக்கச் சொன்னவள் நான் என்பதை, எல்லாவற்றுக்கும் முன்னால், எழுந்து நின்று சொல்வேன்.

உனக்காக ஒரு வார்த்தை கேட்காத
உன் தங்கை,
மங்கை