பொறுக்கி எடுக்காத கோழிகள்

பிப்ரவரி 4, 2019, திங்கள்

மழை. முட்டை எண்ணியாயிற்று. புதிதாக எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. என் கொட்டகைக்கு அதுதான் சட்டம்.

அடுத்த கொட்டகையில் யூலியாந்தி அதிகம் முட்டையிடும் கோழிகளாகப் பொறுக்கி இனம் பெருக்குகிறாள். என் கோழிகளை யாரும் பொறுக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு முறை கோழிகளின் இறக்கைப் பட்டை எண்களைச் சீட்டில் எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவேன். கைக்கு வந்தது தாய், கைக்கு வந்தது தகப்பன். அவள் கோழி எவ்வளவு முன்னேறியது என்பதை என் கோழியோடு வைத்துத்தான் அளக்க முடியும். ஆக, பதினாறு தலைமுறையாக எதுவும் செய்யாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன்.

பிப்ரவரி 7

செலவைக் குறைக்க என் கொட்டகையை மூடலாமா என்று யோசிக்கிறார்களாம். கோழி ஆராய்ச்சியாளர் சங்கத்திலிருந்து மூன்று பேர் 20ஆம் தேதி இங்கே போகோர் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்து, வேண்டுமா வேண்டாமா என்று சொல்வார்கள்.

"அக்கா, உங்க கோழி போச்சுன்னா என் ஏழு வருஷக் கணக்கை எதோட வச்சுக் காட்டுவேன்?" என்றாள் யூலியாந்தி. முகம் வெளுத்துப்போயிருந்தது. நான் பொரித்த சோயா டெம்பே தின்றுகொண்டிருந்தேன். தின்று முடித்தேன்.

எனக்கு ஏன் பயம், வருத்தம் ஒன்றுமே தோன்றவில்லை?

பிப்ரவரி 8

இன்றும் ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 13

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் ஓதாங் அண்ணன் ஒரு குஞ்சின் காலைக் காட்டினார். "டாக்டரம்மா, இந்த வருஷமும் கோண விரல் ஜாஸ்தி." எண்ணினேன். நூற்றுக்கு ஒன்பது. ஒரு காலத்தில் நூற்றுக்கு இரண்டு இருந்தது.

எழுதித்தான் விடுகிறேனே. 2012. என் கணவர் டார்த்தோ என்னை விட்டுவிட்டுச் சுரபாயாவுக்குப் போன வாரம். குலுக்கல் நாள். கோணல் விரலோடு ஒரு கோழி, எண் 417, என் செருப்பின் மேல் ஏறி நின்றுகொண்டது. தள்ளினாலும் திரும்ப வந்தது. டப்பாவில் அதன் எண் வரவில்லை. வந்த எண்ணை உள்ளே போட்டுவிட்டு, பதிவேட்டில் 417 என்று எழுதினேன். யாரும் பார்க்கவில்லை.

ஒரே ஒரு கோழி. இன்று கொட்டகை முழுக்க அதன் வம்சம். அந்த வாரம் தானாக என்னிடம் வந்தது அது ஒன்றுதான். பாவமாக இருந்தது — அதன் மேலா, என் மேலேயா?

பிப்ரவரி 20

வந்தார்கள். வாழையிலையில் சுற்றிய லெம்பர் சோற்றுப் பொட்டலம், தேநீர், போட்டோ. மூவரில் ஒருவரான பேராசிரியர் தம்புனானுக்கு, தன் ஊர் மேடானிலிருந்து கத்தினாலே இங்கே கேட்கிற குரல். கண்ணும் அப்படித்தான். ஒரு குஞ்சைத் தூக்கிக் காலைத் திருப்பினார்.

"என்னம்மா, விரல் இப்படிக் கோணுது? தற்செயலாக் கூடிப்போச்சா?"

சின்ன மந்தையில் அப்படித் தானாகக் கூடுவதுண்டு. 'ஆமாம்' என்றால் முடிந்தது. மந்தை பிழைக்கும், யூலியாந்தியின் கணக்கும் பிழைக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலை சார். 2012-ல ஒரு கோழிய நானே பொறுக்கிப் போட்டேன். அதுக்கும் இதே விரல்."

அவர் குரல் முதல் முறையாக இறங்கியது. "இனிமே இது அதனாலயா, தற்செயலான்னு யாராலயும் சொல்ல முடியாதேம்மா. நீ சொல்லாமலே இருந்திருக்கலாமேன்னு எனக்கே தோணுது, போ."

குஞ்சைக் கீழே விட்டார். அது ஓடிப்போய்த் தீனி தின்றது.

பிப்ரவரி 21

"ஒரு கோழிக்காக என்னைக் கவுத்துட்டீங்களே அக்கா. ஏழு வருஷம்!" என்றாள் யூலியாந்தி. ஒப்பிட்டு அளக்க என் கோழி இனி உதவாது என்பதால், சங்க மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டாள்.  

வெட்கமாக இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்றாவது இருக்கிறது.

மார்ச் 15

மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

ஏப்ரல் 2

வியாபாரி வண்டியோடு வந்தான். ஊழியர்கள் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளலாம் என்றார் பண்ணை இயக்குநர். யூலியாந்தி தன் பங்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். அதுவும் நியாயம்தான்.

ஓதாங் அண்ணன் பழக்கதோஷத்தில் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "குலுக்கட்டுமா டாக்டரம்மா?"

"வேணாம்ணே. நானே பாத்து எடுத்துக்கறேன்."

கோணல் விரல் கோழி ஒன்றைச் சட்டென்று தூக்கிவிட்டேன். அழுகை வந்தது, அவர் எதிரிலேயே அழுதேன். இரண்டாவதுக்குத்தான் திண்டாட்டம். நிறம் பார்த்தேன், நடை பார்த்தேன், ஒன்றைப் பிடித்து மறுபடி விட்டேன். எனக்கு எப்படிப்பட்ட கோழி பிடிக்கும்? இத்தனை வருடத்தில் கேட்டுக்கொண்டதே இல்லை.

"சீக்கிரம்மா, வண்டிக்காரன் கத்துறான்."

"கத்தட்டும்ணே."

ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றைப் பிடிக்க.